கூட்டக் குறிப்பின் ஓரத்தில்

பதினான்காவது மாடி. சுவரெல்லாம் கண்ணாடி.
போன வசந்தத்தில் வலசை வந்த மஞ்சள் குருவியொன்று
இதில் மோதிச் செத்தது.
மோதிய இடத்தில் சிறகின் பொடி
இன்னும் துடைக்காமல் இருக்கிறது.
அதற்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறது
நீர்ப்பறவைக் காப்புச் சங்கத்தின் செயற்குழு.
பேச எனக்குச் சம்பளமில்லை,
பேசியதை எழுதத்தான்.

ஒடீல் டார்டார் தாமதமாக வந்தார்.
லூசியானாவில், தார்ச்சாலை தண்ணீருக்குள் இறங்கிவிடுகிற
ஊரிலிருந்து தொண்ணூறு மைல்.
வெள்ளை இறால் பருவம் திறந்த மறுநாள்.
படகை மைத்துனனிடம் விட்டுவிட்டு,
மூன்று முறை சோப்புப் போட்டும் போகாத வாடையோடு.
"இந்தத் தேதியை யார் குறித்தது?"
சிரித்தார்கள். நாற்காலி ஒன்று இழுத்துப் போட்டார்கள்,
காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில்.

படம் எடுக்கும்போது மட்டும்
நடுவில் நிற்கச் சொன்னார்கள்.
சென்ற ஆண்டு மலரில் அந்த நடுவில் நின்றவள் நான்:
சேறு காணாத புது ரப்பர் காலணி,
கையில் யாரோ திணித்த நாற்று.

தலைவர் ஹாலோவே நல்லவர்.
சொந்தப் பணத்தில் எண்ணூறு ஓக் நட்டவர்.
"வீ" என்று தொடங்கினார்,
"இந்தச் சதுப்பைக் காத்தாக வேண்டும்."
என் பேனா நின்றது.

அவர்களுக்கு அது ஒரே சொல்.
எனக்கு வாய்த்த மொழியில் இரண்டு:
ஒன்றில் எதிரே இருப்பவர் உள்ளே,
மற்றதில் கதவுக்கு வெளியே.
(பழந்தமிழில் வீ என்றால் உதிர்ந்த பூ.
அதை யாரிடம் சொல்ல?)
ஓரத்தில் பென்சிலால் குறிக்கத் தொடங்கினேன்.
வீ, பெலிக்கன் தீவைச் சுற்றிப் படகுகளைத் தடுப்போம்: நாங்கள்.
வீ, முன்பே கலந்து முடிவெடுத்தபடி: நாங்கள்.
வீ, கொஞ்சம் தியாகம் செய்யத்தான் வேண்டும்:
பென்சில் திணறியது.
அங்கே சரியான சொல்
நீங்கள்.

ஒடீலுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.
முதல் நிமிடம் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதில் போனது.
பிறகு எழுந்துபோய்த் திரையின் வரைபடத்தில் விரல் வைத்தார்.
"இங்கே நீலம் அடித்திருக்கிறீர்கள்.
இதற்குள் என் அப்பாவைப் பெற்றவர்கள் கிடக்கிறார்கள்.
நவம்பர் முதல் தேதி படகில் போய்
தண்ணீருக்கு மேலே மெழுகுவர்த்தி ஏற்றுவோம்.
உங்கள் தடை இருநூறு கெஜம் என்றால்
நான் எங்கே நின்று ஏற்ற?
பெலிக்கன் அந்தத் தீவை விட்டுப்போன வருடம் எனக்குத் தெரியும்.
திரும்பிவந்த வருடமும்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
உப்புத் தண்ணீர் உள்ளே வரக்
கால்வாய் வெட்டிய எண்ணெய்க் கம்பெனி எது என்றும்."

யாரோ இருமினார்கள்.
எங்கள் ஆண்டறிக்கையின் பின்னட்டையில்
அந்தக் கம்பெனியின் சின்னம்
சின்னதாக, அழகாக இருக்கும்.

"அடுத்த கூட்டத்தை என் படகுத்துறையில் வையுங்கள்,
இறால் ஓய்கிற மாதத்தில்."
கை தூக்கியவன் ஒருவன்,
கோடைக்குப் பறவை எண்ண வந்த மாணவன், வாக்கில்லாதவன்.
'பரிசீலிக்கப்படும்' என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
அந்த வினைக்கு ஆள் தேவையில்லை.

கீழே, வாகன நிறுத்தத்தில்,
பதினெட்டு டாலர் கேட்டது இயந்திரம்.
உறுப்பினருக்கு இலவசம். ஒடீல் சிறப்பு அழைப்பாளர்.
என் அட்டையை நீட்டினேன்,
கையைத் தட்டிவிட்டார்.
"நீ கொடுத்தால் அவர்கள் கொடுத்ததாக ஆகிவிடும்.
இதையும் எழுது."
கசங்கிய நோட்டுகளை ஒவ்வொன்றாய் நீவி நுழைத்தார்.
ஒன்றை இயந்திரம் இரண்டு முறை துப்பியது.

எழுதினேன். ஏழாவது பத்தி:
வாகனக் கட்டணம் பதினெட்டு டாலர்,
ஒடீல் டார்டார் செலுத்தினார்.
திருத்தம் முடிந்து வந்த நகலில்
அந்த வரி இல்லை.
சேர்த்து அனுப்பினேன்.
மறுபடி இல்லை.
இப்போது அனுப்பிக்கொண்டிருப்பது
மூன்றாவது முறை.